தொப்பியைத் தூக்கிய பாதிரியார்

தென் ஆப்பிரிக்காவில், கண் தெரியாதவர்களுக்கான ஒரு விடுதி. அங்கே வேலை செய்து பிழைக்கும் கறுப்பு இன மாது ஒருவர், தம் சிறு மகனுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நீண்ட அங்கி அணிந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் அந்த வழியே வந்தார். மாதுவைக் கண்டதும் தம் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போனார்.

சிறுவன் திகைத்துப் போனான். வேலைக்காரியான தன் தாய்க்கு ஒரு வெள்ளைக்காரர் வணக்கம் செலுத்துவதா? அந்த நாட்டில் அது நடவாத காரியம் ஆயிற்றே!

அந்தச் சிறுவன்தான் 1984-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற டெஸ்மண்ட் டூட்டு. பாதிரியாரின் பெயர் டிரவர் ஹடில்ஸ்டன். 1943-ல் இங்கிலாந்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் நகருக்குத் தொண்டு செய்ய வந்தவர். இந்த நிகழ்ச்சியை டூட்டு கடைசி வரை மறக்கவில்லை, பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஒரே வேதம், இரண்டு கோயில்

1893-ல் காந்தியடிகளை இரயிலிலிருந்து இறக்கிவிட்ட நாடு அது. 1948-ல் பதவிக்கு வந்த தேசியக் கட்சி, நிற வேற்றுமையைச் சட்டமாகவே ஆக்கிற்று. குடியிருக்கும் தெரு, பள்ளிக்கூடம், பஸ், பெஞ்சு எல்லாம் தனித்தனி!

ஆண்டவன் சந்நிதியிலும் அந்தச் சுவர் முன்பே எழும்பியிருந்தது என்பதுதான் வேதனை. சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, நிறவாரியாகத் தனித்தனியே ஆராதனை நடத்தலாம் என்று டச்சு சீர்திருத்தச் சபை 1857-லேயே தீர்மானித்துவிட்டது. பலவீனம் யாருடையது? கறுப்பர் பக்கத்தில் அமர மனம் வராத வெள்ளையருடையது!

கட்டில் ஓரத்தில் ஒரு நண்பர்

வாலிபப் பருவத்தில் டூட்டுவுக்குக் க்ஷயரோகம் கண்டது. ஏறக்குறைய 20 மாதம் ஆஸ்பத்திரி வாசம். ஹடில்ஸ்டன் தவறாமல் வந்து, அந்த ஏழைப் பையனின் கட்டில் ஓரத்தில் அமர்ந்து பேசிவிட்டுப் போவார். ஹடில்ஸ்டன் தொண்டு செய்த சோபியாடவுன் பகுதியைக் காலி செய்ய, 1955 பிப்ரவரி 9-ந் தேதி போலீஸ் படை வந்தது. அதையும் அவர் எதிர்த்து நின்றார்.

டூட்டு ஆசிரியரானார். ஆனால், கறுப்புக் குழந்தைகளுக்கு மட்டமான கல்வியே போதும் என்ற 1953-ம் ஆண்டுச் சட்டத்துக்கு உடன்பட மனமில்லை. வேலையை உதறிவிட்டுக் குருவானார். 1986-ல் கேப்டவுன் ஆர்ச்பிஷப் ஆனார்.

கூட்டத்தின் நடுவே

அன்பு என்பது சொந்த இனத்தாருக்கு மட்டும் உரியதா? 1985 ஜூலையில் அதற்கும் சோதனை வந்தது. டுடூசா என்ற ஊரில் ஒரு சவ அடக்கம். போலீசுக்கு உளவு சொன்னவன் என்று சந்தேகப்பட்டு, ஒருவனைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. உயிரோடு கொளுத்தப் போனார்கள். டூட்டு குறுக்கே பாய்ந்து, மன்றாடி, அவனைக் காப்பாற்றினார். சில நாளில் அதே ஊரில் ஓர் இளம்பெண் அவ்வாறே கொல்லப்பட்டபோது, "இப்படியே நடந்தால் இந்த நாட்டை விட்டே போய்விடுவேன்" என்று தம் மக்களையே கண்டித்தார்.

எழுந்து நின்றார்

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் பல சபைகள் கூடின. டச்சு சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்தார். நிற வேற்றுமைக் கொடுமையில் தமக்கும் தம் மக்களுக்கும் பங்கு உண்டு என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். டூட்டு எழுந்து, மன்னித்தோம் என்றார். இவ்வளவு எளிதாக மன்னிக்கலாமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் பணிவு வேண்டும். மன்னிக்கவும் பணிவு வேண்டும். பின்னர் அமைந்த உண்மை மற்றும் சமரசக் கமிஷனுக்கு டூட்டுவே தலைவரானதில் வியப்பில்லை.

2021 டிசம்பர் 26-ந் தேதி அவர் காலமானார். ஆடம்பரம் வேண்டாம், மலிவான பெட்டியே போதும் என்று சொல்லி வைத்திருந்தார். அலங்காரமற்ற பைன் மரப் பெட்டியில் அவர் உடல் கிடந்தது.

ஹடில்ஸ்டன் தொப்பியைத் தூக்க எத்தனை விநாடி ஆகியிருக்கும்? செலவு ஒரு காசும் இல்லை. நம் வீட்டு வாசலைப் பெருக்க வருகிறவர்களை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்? பக்கத்தில் நிற்கும் அவர்கள் பிள்ளை அதைக் கவனித்துக்கொண்டிருக்கும்!