வித்தின் உறக்கமும் நமது உருவகமும்

இறந்தவர்கள் புதைக்கப்படுவதில்லை, விதைக்கப்படுகிறார்கள் என்பது நமது அரசியல் மொழியில் நெடுங்காலம் புழங்கிவந்த உருவகம். அதனைக் கையாண்டவர்கள் வித்து என்றால் என்னவென்று ஒருமுறையேனும் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

மன்னார்ப் பக்கத்து உடையையும் கருவேலையும் எடுத்துக்கொள்வோம். இம்முள்மரங்களின் வித்துறையில் நீர் புகவிடாத, நெருக்கமான கலப்படை ஒன்றுண்டு. மழை பெய்தாலும் உள்ளிருக்கும் முளையத்துக்கு ஈரம் எட்டாது. தாவரவியலார் இதனைப் பௌதிக உறங்குநிலை என்பர். ஒரு மழையை நம்பி எல்லா வித்துகளும் ஒருங்கே முளைத்து, அடுத்த வரட்சியில் ஒருங்கே மடியாதிருக்க இது உதவுகிறது.

உறக்கத்தைக் கலைக்கும் வழிகள் பல. கருவேலங்காய் தின்ற ஆடுகள் பட்டியில் அசைபோடும்போது துப்பும் வித்துகள் நன்கு முளைக்கும் என்பது ஆடு வளர்ப்போர் அறிந்த விடயம். நாற்றுமேடைக்காரர் கொதித்த நீரை வித்துகள்மேல் ஊற்றி, ஆறவிட்டு, ஒருநாள் ஊறவைப்பர். ஊதிப் பருத்தவை விதைப்புக்குத் தயார். பருக்காதவற்றுக்கு மீண்டும் அதே வைத்தியம். கொஞ்ச வித்துகளாயின், தழும்புக்கு எதிர்ப்புறத்தை அரத்தால் தேய்த்தாலே போதும். ஆய்வுகூடங்களில் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் சில நிமிடங்கள் தொடக்கம் ஒரு மணிநேரம் வரை இட்டு, நன்கு கழுவுவர். எல்லாவற்றுக்கும் விதி ஒன்றே: காயம் உறையோடு நிற்கவேண்டும். வண்டு துளைத்த வித்திலும் நீர் புகும். ஆனால் உள்ளிருந்ததைப் பெரும்பாலும் வண்டு தின்று முடித்திருக்கும்.

இவ்வுறக்கம் எவ்வளவு காலம் நீளலாம்? 1793இல் சீனாவிற் சேகரிக்கப்பட்டு, லண்டன் அருங்காட்சியகமொன்றில் இருந்த வாகை இன வித்துகள், 1940இல் குண்டுவீச்சில் மூண்ட தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரில் நனைந்து முளைத்தன. இடையில் 147 ஆண்டுகள்.

இதனைக் குண்டின் மகிமையாக வாசிப்போரும் நம்மிடையே இருக்கக்கூடும். முளைத்தவை அத்தனை காலமும் உயிரோடிருந்தவை. அதே தீயில் கருகியவை கருகியவைதான்.

மனிதருக்கு வித்துறை இல்லை. பதினாறு வயதில் மண்ணுக்குள் போன பிள்ளையை எந்த மழையும் எழுப்பாது. அப்பிள்ளையை வித்தென்று அழைத்தபோது, ஏன் இறந்தது என்ற கேள்வியைத்தான் நாம் புதைத்தோம். அந்தக் கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது. அதன் உறையைத் தேய்ப்பது, எஞ்சியிருக்கும் நமது வேலை.