ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி: திருகு கழன்ற திட்டத்தைத் தூக்கி நிறுத்தியது எப்படி?

2018-ம் ஆண்டு. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் பாகங்கள் கிட்டத்தட்ட ரெடி. ராக்கெட் கிளம்பும்போது எழும் பேரிரைச்சலை அவை தாங்குமா என்று சோதனை நடந்தது. முடிந்த பிறகு பார்த்தால், சில திருகுகளும் வாஷர்களும் உதிர்ந்து கிடந்தன. சூரியக் கவசத்தின் உறையைப் பிடித்திருக்க வேண்டிய அவை சரியாக இறுகியிருக்கவில்லை.

ஒரு திருகுக்கு இவ்வளவு பதற்றமா?

நாசாவும் ஐரோப்பிய, கனடா விண்வெளி அமைப்புகளும் கைகோத்த திட்டம் இது. 14 நாடுகள், 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், சுமார் 1,000 கோடி டாலர் செலவு. தொலைநோக்கி போய் நிற்கும் இடமோ பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தூரத்தில். ஹப்பிளுக்குச் செய்ததுபோல வீரர்களை அனுப்பி ரிப்பேர் பார்க்க முடியாது. ஒன்று பழுதானாலும் மொத்தத் திட்டமே முடங்கிவிடும் என்ற நிலையில் இருந்த இடங்கள் மட்டும் 344!

எங்கே சொதப்பியது?

கஷ்டமான வேலையில் இல்லை. 18 துண்டுகள் சேர்ந்த கண்ணாடி, டென்னிஸ் மைதானம் அளவுக்கு விரியும் கவசம் என்று அசத்தியவர்கள், சின்ன விஷயங்களில் கோட்டைவிட்டார்கள். வால்வுகளைச் சுத்தம் செய்யத் தவறான ரசாயனம், வயரிங்கில் பிழை, இறுகாத திருகு. இப்படிப்பட்ட மனிதத் தவறுகளால் மட்டும் சுமார் 60 கோடி டாலரும் 18 மாதங்களும் வீணானதாகத் தனி ஆய்வுக் குழு ஒன்று கணக்கிட்டது.

புது கேப்டன் என்ன செய்தார்?

அதே ஆண்டு, நாசா அதிகாரி கிரெகரி ராபின்சனிடம் பொறுப்பு வந்தது. முதலில் ‘வேண்டாம்’ என்றுதான் சொன்னார், பிறகு ஏற்றுக்கொண்டார். விர்ஜினியாவில் புகையிலைக் குத்தகை விவசாயக் குடும்பத்தில், 11 பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர் அவர்.

டீமில் திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால், ‘இதுல ஒரு சிக்கல் இருக்கு’ என்று வாய்திறக்கத் தயங்கினார்கள். ராபின்சன் முதலில் கை வைத்தது அங்கேதான். குழுக்களுக்கு இடையே பேச்சுவார்த்தையை அதிகப்படுத்தினார். கெட்ட செய்தியாக இருந்தாலும் மறைக்காமல் பகிர்ந்தார். திட்டமிட்ட வேகத்தோடு ஒப்பிட்டால் சுமார் 55 சதவீதத்தில் தவழ்ந்துகொண்டிருந்த வேலை, 95 சதவீதத்தைத் தொட்டது.

2021 டிசம்பர் 25 அன்று ஜேம்ஸ் வெப் கிளம்பியது. மடித்து அனுப்பிய கவசமும் கண்ணாடியும் விண்வெளியில் சிக்கலின்றி விரிந்தன. 2022 ஜூலையில் வெளியான முதல் படங்களை உலகமே பார்த்தது.

நம்ம ஆபீஸுக்கு என்ன பாடம்?

பல டீம்கள் சேரும் புராஜெக்ட்டில், எல்லாமே ஒருவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. திருகு லூசாக இருப்பது, அதன் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். ரிவ்யூ மீட்டிங்கில் எல்லாரும் ‘ஓகே சார்’ என்று மட்டும் சொல்கிறார்களா? டீம் லீடர் கவலைப்பட வேண்டிய நேரம் அதுதான்.