கடலுக்குள் ஒரு டூர்... டிக்கெட்டுக்கு முன்னால் டாக்டர்!

லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிய காலம் ஒன்று இருந்தது. இப்போது பிள்ளைகள், 'அந்தமான் போகலாம்ப்பா... கடலுக்கு அடியில போய் மீன் பார்க்கலாம்' என்று நச்சரிக்கிறார்கள். நியாயமான ஆசைதான். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 வரை போர்ட் பிளேயர்!) விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து படகில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் ஹேவ்லாக் தீவு. 2018-லிருந்து இதற்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர். வெதுவெதுப்பான தண்ணீர், பவளப்பாறைகள், பூ மாதிரி அசையும் உயிரினத்துக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன்கள்... கண்கொள்ளாக் காட்சி!

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை போவது நல்லது. மே மாதத்துக்குப் பிறகு மழையும் அலையும் ஜாஸ்தி. ஆனால் ஓட்டலையும் டிக்கெட்டையும் புக் பண்ணுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குடும்ப டாக்டரை ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

'நாங்க என்ன நோயாளியா?' என்று கோபப்படாதீர்கள். விஷயம் இதுதான்.

பத்து மீட்டரில் பாதி பலூன்!

ஊதிய பலூன் ஒன்றைக் கடலுக்குள் 10 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால், அது பாதியாகச் சுருங்கிவிடும். அங்கே அழுத்தம், மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. நம் உடம்பிலும் சில பலூன்கள் இருக்கின்றன: காதின் உட்பகுதி, மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகள், நுரையீரல். முதல் தடவை போகிறவர்களை பயிற்சியாளர் அதிகபட்சம் 12 மீட்டருக்கு, அதாவது 40 அடிக்குக் கூட்டிப் போவார். 'அவ்வளவுதானா?' என்று நினைக்காதீர்கள். அழுத்த மாற்றத்தைக் காது ரொம்ப உணர்வது முதல் பத்து மீட்டரில்தான்!

இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி மெல்ல ஊத வேண்டும். காது 'பட்'டென்று திறந்துகொள்ளும். வலி வருவதற்கு முன்பே, சில அடிக்கு ஒருமுறை இதைச் செய்யணும். திறக்கவில்லையா? முக்கி முக்கி ஊதாதீர்கள், உள்காதே பழுதாகிவிடலாம். பயிற்சியாளருக்குக் காதைக் காட்டி, கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயற்சி செய்யுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஜலதோஷம் இருக்கும்போது டைவ் வேண்டவே வேண்டாம். 'மூக்குல சொட்டு மருந்து விட்டுட்டுப் போயிடலாமே?' என்பீர்கள். அதன் வேகம் கடலுக்கடியில் குறைந்து மூக்கு அடைத்துக்கொண்டால், மேலே வரும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று விரிந்து வலி உயிர் போகும்.

'இல்லை' என்று டிக் அடிக்காதீர்கள்

டைவிங் சென்டரில் ஒரு மெடிக்கல் ஃபாரம் கொடுப்பார்கள். ஆஸ்துமா உண்டா? இதய நோய்? வலிப்பு? காதில் ஆபரேஷன் செய்ததுண்டா? 45 வயதைத் தாண்டி, கூடவே பி.பி., கொலஸ்ட்ரால், சிகரெட் உண்டா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் டாக்டரின் கையெழுத்து கேட்பார்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பணம் கட்டியாச்சு, படகு காத்திருக்கு, குழந்தைகள் உடை மாற்றியாச்சு... 'எப்பவோ வந்த வீசிங்தானே' என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடுகிறார்கள்.

இது எவ்வளவு பெரிய ஆபத்து தெரியுமா? ஆழத்தில் நாம் சுவாசிப்பது அழுத்தமான காற்று. மேலே வர வர அது விரியும். மூச்சுவிட்டுக்கொண்டே வந்தால் பிரச்னை இல்லை. ஆஸ்துமாவால் மூச்சுக்குழாய் சுருங்கிக்கொண்டால், வெளியே வர வழியில்லாத காற்று நுரையீரலைக் கிழித்து ரத்தத்தில் கலந்துவிடலாம். அந்தக் குமிழி மூளைக்குப் போனால் உயிருக்கே உலை! ஆரோக்கியமானவர்களுக்கும் முதல் விதி, 'கடலுக்கடியில் மூச்சை அடக்காதே' என்பதுதான்.

அதனால்தான் டிக்கெட்டுக்கு முன்னால் டாக்டர் என்கிறோம். ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் தடை என்றில்லை. பரிசோதித்துப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஒரே பதில்: வேண்டாம். குழந்தைகளுக்குப் பத்து வயது முடிந்திருக்க வேண்டும்.

'போகக்கூடாது' என்று சொல்லிவிட்டாரா? மனசு ஒடிய வேண்டாம். ஹேவ்லாக்கில் எலிஃபென்ட் பீச் இருக்கிறது. உடம்புக்கு ஒத்துக்கொண்டால் மிதந்துகொண்டே மீன் பார்க்கும் ஸ்நார்க்லிங்; அதுவும் வேண்டாமென்றால் கண்ணாடி அடிப்படகு. குடும்பத்தில் ஒருவர் கரையில் உட்கார்ந்து ஏங்க வேண்டியதில்லை.

கோலி சோடா கணக்கு

கடலுக்கடியில் நம் ரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் கொஞ்சம் கூடுதலாகக் கரைகிறது. மூடிய கோலி சோடா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். குண்டை அமுக்கியதும் நுரை பொங்குகிறதல்லவா? டைவ் முடித்த கையோடு விமானம் ஏறினால், காற்றழுத்தம் குறைந்து ரத்தத்திலும் குமிழி கிளம்பலாம். மூட்டு வலி, மரத்துப் போதல், சில சமயம் பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய்விடும்.

ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நாம் சுலபமாக 24 மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். ஆகவே திட்டத்தைத் திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்:

முதல் நாள்: விமானம். செல்லுலார் சிறை பார்த்துவிட்டு ஓய்வு.

இரண்டாம் நாள்: படகில் ஹேவ்லாக். சாயங்காலம் ராதாநகர் கடற்கரை. சீக்கிரம் தூக்கம்.

மூன்றாம் நாள்: காலையில் டைவ்.

நான்காம் நாள்: ஸ்நார்க்லிங், கடைத்தெரு. படகில் திரும்புதல்.

ஐந்தாம் நாள்: விமானம்.

மழையோ ஜலதோஷமோ வந்தால் தள்ளிப்போட, முடிந்தால் இடையில் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் காலையில் 'ஒரு சின்ன டைவ்' என்று யார் ஆசை காட்டினாலும் மறுத்துவிடுங்கள்.

இதையும் கவனியுங்கள்

* முந்தின ராத்திரி மது கூடாது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். காலையில் பூரி மசாலாவை மறந்து, இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள்.

* படகில் வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். அது கடலுக்கடியில் ஆகாது.

* அடர்த்தியான மீசைக்காரர்களின் மாஸ்க்கில் லேசாகத் தண்ணீர் கசியும். பயப்படாதீர்கள். அதை வெளியேற்றக் கரையிலேயே கற்றுத் தருவார்கள். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

* கட்டை விரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம்! 'நல்லா இருக்கேன்' என்று சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாகக் காட்டுங்கள்.

* வெளியே வந்ததும் காதை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பட்ஸ் வேண்டாம்.

* பவளத்தைத் தொடாதீர்கள். அது பாறை அல்ல, உயிர். நம் கையையும் கிழிக்கும். அந்தக் காயம் சட்டென்று ஆறாது. ஒரு துண்டு எடுத்து வருவதும் சட்டப்படி குற்றம்.

டைவ் முடிந்து ஒன்றிரண்டு நாளுக்குள் மூட்டு வலி, மயக்கம், மரத்துப் போதல் இருந்தால், 'அலைச்சல்' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், 'டைவ் செய்தேன்' என்று முதலில் சொல்லுங்கள். சரியான சிகிச்சைக்கு அந்த வார்த்தைதான் வழிகாட்டும்.

கடல் எங்கும் போய்விடாது. இந்த லீவு இல்லாவிட்டால் அடுத்த லீவு. டாக்டர் 'சரி' என்று சொன்னபின் தைரியமாக இறங்குங்கள்... நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டே!