ஈழ இலக்கிய விழாக்களில் டானியலுக்கு இடம் எங்கே?



இலங்கை எழுத்தாளர்களைக் கொண்டாடும் விழாக்கள் தமிழ்நாட்டில் நடப்பது நல்லதுதான். ஆனால் ஈழ இலக்கியம் என்றதும் பேச்சு பெரும்பாலும் இனப்போரையும் புலம்பெயர்வையும் சுற்றியே நிற்கிறது. அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்கும் தேநீர்க்கடைக்கும் கோயில் வாசலுக்குமாக ஒரு போர் நடந்தது.

ஒடுக்கப்பட்டோரின் பேச்சுமொழியில் எழுதியது 'இழிசனர் வழக்கு' என்று ஏசப்பட்டது. முடிதிருத்தும் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த டொமினிக் ஜீவா, அந்த ஏச்சுக்கிடையே 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்புக்காக இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, தெருவில் இறங்கித் தானே விற்றார். 1968இல் மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் முன்னின்ற கே. டானியல் 1972இல் 'பஞ்சமர்' நாவலை வெளியிட்டார். பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியதும் அதே ஆண்டில்தான். 'தலித் இலக்கியம்' என்ற பெயர் தமிழில் வழக்குக்கு வருமுன்பே அந்த எழுத்து வந்துவிட்டது.

1986இல் டானியல் தஞ்சாவூரில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அண்டை நாட்டு எழுத்தாளர் என்கிறோம். அவர் கிடப்பது நம் மண்ணில். சாதியைப் பேசாமல் ஈழ இலக்கியத்தைக் கொண்டாடுவது, மூடிய கோயில் கதவை இங்கேயும் ஒருமுறை மூடுவதாகும்.