முதல் சாக்கெட் முடிவானது அன்று

திருவொற்றியூர்ப் பட்டறையொன்றில் லேத் ஓட்டுபவர் ஒருவர், சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே காலை இழந்து எங்களிடம் வந்தார். செயற்கைக் கால் பொருத்திய இரண்டாம் வாரம் புண்ணோடு திரும்பினார். “புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதானே டாக்டர், போகப் போகப் பழகிடும்னு இருந்துட்டேன்” என்றார். பட்டறையில் முதல் உருப்படியை அளந்து பாராமல் அடுத்ததைக் கடைவீர்களா என்று கேட்டோம், சிரித்தார். தவறு அவருடையது அன்று. கொடுத்தது சோதனைப் படி என்பதை நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

எஞ்சிய கால் நுழையும் கூடே சாக்கெட். அதற்காக அக்காலின்மேல் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, உள்ளே சாந்து ஊற்றி, காலின் உருவை வார்க்கிறோம். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் எடையைத் தாங்கும். அவ்விடத்தில் உருவை அரத்தால் குறைக்கிறோம். வெளிப்புறச் சிற்றெலும்பின் தலையும் முன்னெலும்பின் விளிம்பும் தாங்கா. அங்கே சாந்தைக் கூட்டுகிறோம். குறைத்த இடத்தில் சாக்கெட் அழுத்தும். கூட்டிய இடத்தில் விலகி நிற்கும்.

இவ்விரு வேலைகளையும் இன்று இயந்திரங்களும் செய்கின்றன. ஸ்கேனர் எடுத்த உருவைக் கணினியில் திருத்தினால், சி.என்.சி. இயந்திரம் நுரைக்கட்டியைச் செதுக்கித் தரும். இது கழித்தல், லேத் தொழிலாளருக்குப் புதிதன்று. முப்பரிமாண அச்சுப்பொறி பிளாஸ்டிக்கை ஏடு ஏடாக அடுக்கும், இது கூட்டல். அமெரிக்கரான சார்லஸ் ஹல் 1986இல் காப்புரிமை பெற்ற முறை இதற்கு முன்னோடி. அச்சிட்ட பொருள் ஏடுகளுக்கிடையே பிளக்கக்கூடும் என்பதால், நாள்தோறும் முழு எடையையும் அதன்மேல் ஏற்ற நாங்கள் இன்னும் தயங்குகிறோம். ஆயினும் திருத்திய உரு கணினியில் இருப்பதால், மறுமுறை மாவுக்கட்டு தேவைப்படாமல் போகலாம். பயன் அந்த விரைவில்தான்.

சென்னை ஐ.ஐ.டி. 2022இல் வெளியிட்ட ‘கதம்’ என்னும் செயற்கை முழங்கால் மூட்டு பலருக்கும் ஒரே வடிவில் பொருந்தும். சாக்கெட் அப்படியன்று, ஒருவருடையது மற்றவருக்கு ஆகாது. ஒருவருக்கே கூட நிலைப்பதில்லை, ஏனெனில் அறுவைக்குப் பின் எஞ்சிய கால் சில மாதங்கள் சுருங்கிக்கொண்டே வரும்.

ஆகவே சோதனைச் சாக்கெட்டைக் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக்கில் செய்கிறோம். தோல் அழுந்துமிடம் வெளியே தெரியும். வீட்டில் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள். சர்க்கரை நோயில் உணர்ச்சி மங்குவதால் வலியை நம்பாதீர்கள். மாலையில் சாக்கெட்டைக் கழற்றி, கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்போ கருமையோ பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அதை அணியாமல் எங்களிடம் எடுத்து வாருங்கள்.

அந்த லேத் தொழிலாளி இப்போது மூன்றாம் சாக்கெட்டோடு நடக்கிறார். சென்ற வாரம் அதிலும் ஒரு குறை சொன்னார். ஓரத்தைச் சற்றே அரைத்துக் கொடுத்தோம்.