இத்தாவுக்குப் பிறகு ஜீவனாம்சம் உண்டா?

தலாக் ஆன பெண்ணின் வீட்டாருக்குத் துறையூர் வட்டாரத்தில் சொல்லப்படும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "மூன்று மாதச் செலவை வாங்கிக்கொண்டு, பாக்கியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்." இத்தாவோடு கணவனின் கடமை முடிகிறது என்பது நம்மில் பலரது எண்ணம். நாட்டின் சட்டமோ அவ்வாறு கூறவில்லை.

இந்தூரைச் சேர்ந்த ஷா பானு அம்மையார் 1932-இல் மணமானவர்; 1978-இல் முதிய வயதில் தலாக் சொல்லப்பட்டவர். மாஜிஸ்திரேட் விதித்த தொகை மாதம் 25 ரூபாய்! உயர்நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 பைசாவாக்கிற்று. 1985 ஏப்ரல் 23-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்ததும் சமுதாயத்தில் கொந்தளிப்பு எழுந்தது. மறு ஆண்டே முஸ்லிம் பெண்கள் மணவிலக்கு உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜீவனாம்சம் இத்தா வரைக்குமே என்ற பேச்சு அதன் பின்னர் வேரூன்றியது.

அச்சட்டம் சொல்வதென்ன? நியாயமான ஏற்பாடும் ஜீவனாம்சமும் இத்தாவுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பதே. ஷா பானுவின் வழக்கறிஞரான டேனியல் லத்தீஃபி தொடுத்த வழக்கில், 2001 செப்டம்பர் 28 அன்று ஐவர் அமர்வு இதற்கு விளக்கம் தந்தது. இத்தா என்பது கொடுத்து முடிக்க வேண்டிய கெடு. கொடுப்பது அவளுடைய பிற்காலத்துக்கும் போதுமானதாயிருத்தல் வேண்டும். ஜூனில் கட்டும் பள்ளிக் கட்டணம் ஜூனுக்கு மட்டுமா?

ஷரீஅத்துக்கு இது முரணல்லவா என்று கேட்கப்படுகிறது. நஃபகா இத்தாவோடு நிற்பது ஃபிக்ஹின் பொதுவிதி. கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. ஆயினும் அல்பகரா அத்தியாயத்தின் 241-ஆம் வசனம், தலாக் சொல்லப்பட்ட பெண்களுக்கு முறைப்படி 'மதாஉ' வழங்குவதை இறையச்சமுடையோர் மீது கடமையாக்குகிறது. கூடிவாழ்ந்த மனைவியைக் கணவன் தலாக் சொன்னால் அதனை வாஜிப் என்பர் ஷாஃபிஈ மத்ஹபினர். மஹர் பேசி மணந்தவளுக்கு முஸ்தஹப் என்பர் ஹனஃபிகள். அது ஒருமுறை தரும் அன்பளிப்பே, வாழ்நாள் ஏற்பாடு அன்று என்பது உலமாக்கள் பலரின் கருத்து. அக்கருத்தையும் மதிக்கிறேன். ஆனால் அந்த அன்பளிப்பையேனும் எத்தனை பேர் கொடுக்கிறார்கள்?

2024 ஜூலை 10-இல் உச்சநீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத மனைவிக்கான பொதுச்சட்டத்தின் 125-ஆம் பிரிவு தலாக் ஆன முஸ்லிம் பெண்ணுக்கும் உண்டு. 1986 சட்டம் அதைப் பறிக்கவில்லை என்றது. அப்பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. அதன்படி பெறும் மாதத்தொகைக்கு ஆண்டுக்கணக்கில் எல்லை இல்லை. மறுமணம் செய்தால் நின்றுவிடும். தானே மணவிலக்குப் பெற்றவள் பிறகு ஜீவனாம்ச உரிமையை மனமொப்பி விட்டுக்கொடுத்தாலும் ரத்தாகலாம். ஆகவே 'பாக்கியில்லை' என்னும் தாள் வெறும் தாள் அன்று. வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் கையொப்பம் வேண்டாம்.

பிள்ளைகளின் செலவுக்கும் இத்தாவுக்கும் தொடர்பே இல்லை. அவர்கள் வயதுக்கு வரும்வரை தந்தையின் பொறுப்பு நீடிக்கிறது என்று 1997-லேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது.

இத்தாவுக்குப் பின் ஆதரவற்றுப் போகும் பெண்ணுக்கு, அவளுடைய வாரிசு உறவினர் மீதும், அவர்களுக்கு இயலாதபோது வக்ஃப் வாரியத்தின் மீதும் 1986 சட்டம் பொறுப்பைச் சுமத்துகிறது. அவள் முதலில் உறவினர் ஒவ்வொருவர் மீதும் வழக்காட வேண்டியதில்லை. அவர்களின் இயலாமையை ஒரே மனுவில் காட்டி வாரியத்திடமே கோரலாம். 1996-இல் இதைப் பெற்றுத் தந்தது நம் தமிழ்நாட்டு வக்ஃப் வாரியம் தொடர்பான வழக்குதான்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே எனத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். திருச்சியிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். நிக்காஹ் பதிவேட்டின் நகலும், தலாக் கடிதம் இருப்பின் அதுவும், கணவனின் வருமானம் பற்றித் தெரிந்த விவரமும் கையிலிருக்கட்டும்.