சால்னாச் சட்டியும் நிகோமிச் சட்டியும்

தாமிரபரணிக் கரை ஊரான ஏரலின் கடைத்தெருவில் மற்ற கடைகள் ஷட்டரை இறக்கும் நேரத்தில்தான் பரோட்டாக் கடைக்குப் பொழுது விடிகிறது. பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத் துணி போட்டு மூடி வைத்த மைதா உருண்டைகளை மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து வீசுகிறார். கல்லில் வெந்த நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிக்கிறார். அந்த அடியில் அடுக்கு அடுக்காகப் பிரிந்து வருகிறது பரோட்டா. சப்ளையர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து முடிப்பதற்குள் கேட்டுவிடுவார்: “பிச்சுப் போட்டு ஊத்தவா அண்ணாச்சி?”

ஊற்றப்போவது சால்னா. கறி எலும்பு கொதித்த சாறு, வதக்கிய வெங்காயம், தக்காளி, அதில் தேங்காயும் சோம்பும் கசகசாவும் பொட்டுக்கடலையும் அரைத்து ஊற்றிய, கெட்டியில்லாத குழம்பு. முதல் ஊற்று பரோட்டாவுக்குள் போய் மறைந்துவிடும். இரண்டாவது ஊற்றுதான் இலையில் நிற்கும். அந்த இரண்டாவது ஊற்றுக்குத் தனிக் காசு கிடையாது; மூன்றாவது கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். கையில் இருக்கும் காசுக்கு இரண்டு பரோட்டா வாங்கியவரும், கூடவே ஆம்லெட்டும் கோழியும் சொன்னவரும் ஒரே சட்டியிலிருந்துதான் சாப்பிடுகிறார்கள். இந்தக் கடைகளின் பெரிய நியாயம் அந்தச் சட்டி.

இலையும் உள்ளூர்தான். தாமிரபரணியின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1873-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் வடகால், தென்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் பூமி இது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. ஏரல் கடைத்தெருவுக்குள் ஆறு புகுந்தது. வாழைத் தோட்டங்கள் சாய்ந்தன. கடைக்காரர்களின் சரக்கு சேறாகிப்போனது. அந்தத் தெருவில் மறுபடி அடுப்பு எரிந்தது என்பதே அந்த நாட்களில் ஒரு செய்தி.

தூத்துக்குடிப் பக்கம் இப்படிப்பட்ட ராத்திரிக் கடைகளை ‘நைட் கிளப்’ என்றே சொல்வார்கள். பெயர்ப் பலகையிலும் அப்படியே எழுதியிருக்கும். அங்கே ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. கொத்துப் பரோட்டா கொத்தும் தகரச் சத்தம்தான் இசை. துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், உப்பு ஏற்ற வந்த லாரிக்காரர்கள், இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் சூடாக ஏதாவது வேண்டியிருந்தது. தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகு ஊரில் ராத்திரி விழித்திருப்பவர்களின் கூட்டம் பெருகியது. பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும் அவர்களுக்கு நடுச்சாமத்துச் சாப்பாடாயின.

இதே தேவை, இதே மாதிரிச் சட்டி, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஜப்பானிலும் ஒரு கடையைப் பெற்றெடுத்திருக்கிறது. அதன் பெயர் இசகாயா. வாசலில் சிவப்புக் காகித விளக்கு தொங்கும். உள்ளே பத்துப் பேர் முழங்கை இடிக்க உட்காரும் மரப் பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் அடுப்பு, அடுப்பின் மேல் ஒரு பெரிய பாத்திரம். குடிக்க வருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் குடிப்பவர் முன்னால் சாப்பாடு இருந்தே ஆக வேண்டும். உட்கார்ந்ததுமே, கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் அவித்த காயோ ஊறவைத்த மீனோ வந்துவிடும். அதற்கும் பில்லில் காசு உண்டு. இடத்துக்கான வாடகையாக அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இசகாயாவின் வரலாறு ஒரு தீயில் தொடங்குகிறது எனலாம். இன்றைய டோக்கியோவான எடோ நகரம் 1657-இல் பெரும்பகுதி எரிந்து சாம்பலானது. மறுபடி கட்டியெழுப்பத் தச்சர்களும் கூலிக்காரர்களும் நாடு முழுவதிலிருந்தும் வந்து குவிந்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள், சமைக்க அடுப்பில்லாதவர்கள். அவர்களுக்காகக் காய், பயறு, மீன் எல்லாவற்றையும் சோயா சாற்றில் வேகவைத்து விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. திரும்பவும் தீப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் அரசு அவற்றை ராத்திரியில் திறக்கக் கூடாது என்று தடை போட்டுப் பார்த்தது. பசி தடையைக் கேட்கவில்லை. இன்னொரு பக்கம், அரிசி மது விற்ற கடைகள் வாங்கியதை அங்கேயே நின்று குடிக்க இடம் கொடுத்தன. இரண்டும் சேர்ந்துதான் இசகாயா. 1811-இல் எடோவில் எடுத்த கணக்கில், வேகவைத்த பண்டமும் மதுவும் சேர்த்து விற்ற இந்த வகைக் கடைகள் மட்டும் 1,808.

இறைச்சிச் சட்டி பிறகு வந்தது. பௌத்த வழக்கத்தால் நூற்றாண்டுகளாக மாட்டிறைச்சியை ஒதுக்கிவைத்திருந்த நாட்டில், 1872-இல் மெய்ஜி பேரரசர் அதைச் சாப்பிட்டதாக வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. நல்ல கறி வசதியானவர்களின் தட்டுக்குப் போனது. குடலும் நரம்பும் கன்னத் தசையும் உழைப்பாளிகளின் சட்டிக்கு வந்தன. அதுதான் நிகோமி, மணிக்கணக்கில் சிறு தீயில் வெந்த குழம்பு. டோக்கியோவின் கித்தா-சென்ஜு பகுதியில் ‘ஓஹாஷி’ என்ற கடை 1877-இலிருந்து இருக்கிறது. மாட்டுத் தசையும் டோஃபுவும் இனிப்புக் கலந்த சோயாச் சாற்றில் கிடந்து கருத்துப்போன அதன் குழம்புக்காக, கடை திறக்கும் முன்பே வாசலில் ஆள் நிற்கும். அதே நகரின் மொரிஷிதாவில் உள்ள ‘யாமரிக்கி’ நூறாண்டுப் பழமை உள்ளது. அங்கே மாட்டுக்குடலை மிசோ என்னும் அடர்ந்த நிறமுள்ள சோயா விழுதிலும் போர்ட் ஒயினிலும் வேகவைக்கிறார்கள். அந்தக் குழம்பைத் தொட்டுச் சாப்பிடப் பூண்டு தடவிச் சுட்ட ரொட்டி தருகிறார்கள். ரொட்டியைப் பிய்த்துக் குடல் குழம்பில் தோய்க்கும் சுகத்தைத் திருநெல்வேலிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

குடலைச் சுத்தம் செய்யும் பாடும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். இங்கே ஆட்டுக்குடலை உப்பும் மஞ்சளும் போட்டுக் கசக்கி, வெந்நீரில் அலசி, மறுபடி கசக்கி, வாடை போகும்வரை விடுவதில்லை. அங்கே ஒருதரம் கொதிக்கவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி போட்டு, மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். சாதாரணக் கடையில் ஒரு கிண்ணம் நிகோமி ஐந்நூறு யென்னை ஒட்டி இருக்கும், நம் பணத்தில் சுமார் முந்நூறு ரூபாய். டோக்கியோ விலைவாசிக்கு அது மலிவு. மலிவான சரக்கை விலைமதிப்புள்ளதாக்குவது அதில் போடும் நேரமும் கையும்தான்.

இப்படியொரு ராத்திரிக் கடையைப் பற்றியதுதான் ‘யாரோ அபே’ என்ற ஜப்பானியக் கலைஞரின் ‘மிட்நைட் டைனர்’. அந்தச் சித்திரக்கதை 2006-இல் தொடங்கி, 2009-இல் தொலைக்காட்சித் தொடரானது. நெட்ஃபிளிக்ஸ் வழியாக நம்மூர் இளைஞர்கள் பலரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். நள்ளிரவு 12 மணிக்குத் திறந்து காலை 7 மணிக்கு மூடும் ஒரு சின்னக் கடை. பலகையில் எழுதியிருக்கும் ஒரே சாப்பாடு, பன்றிக்கறி போட்ட மிசோ சூப். ஆனால் வாடிக்கையாளர் கேட்பது கையிலுள்ள பொருளில் செய்யக்கூடியதாக இருந்தால் முதலாளி செய்து கொடுப்பார். அவர்கள் கேட்பதெல்லாம் பெரிய விருந்தில்லை. முட்டைச் சுருள், வறுத்த சாசேஜ், நேற்று மீந்த குழம்பு. சிறுவயதில் வீட்டில் தின்றதைக் கேட்கிறார்கள். அந்தத் தொடர் உலகம் முழுக்கப் போனதற்குக் காரணம் அதுவே.

இங்கேதான் நம் கடைகளை ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஜப்பானில் வீட்டுக் குழம்பு தயக்கமில்லாமல் கடைக்கு வந்துவிட்டது. கறியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்து வேகவைக்கும் ‘நிகுஜாகா’ அம்மா கைச் சமையலுக்கு அடையாளமான பண்டம். ஜப்பானியக் கடற்படையின் அட்மிரல் தோகோ இங்கிலாந்தில் தின்ற ஸ்டூவை நினைத்துக் கடற்படைச் சமையல்காரரிடம் செய்யச் சொன்னதில் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. மைசுரு, குரே என்ற இரண்டு துறைமுக நகரங்களும் அது எங்கள் ஊரில்தான் பிறந்தது என்று வழக்காடுகின்றன. அது இசகாயாப் பலகையில் இல்லாத நாள் அபூர்வம். தாமிரபரணிக் கரையிலோ, வீட்டுக்குள் இருக்கும் பொக்கிஷங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. தீயல், புளியில்லாக் கறி, இடிசாம்பார், எள்ளுத் துவையலோடு உளுந்தம்பருப்புச் சோறு. இவற்றில் எதையும் வெளியூரிலிருந்து வந்து தனியாகத் தங்கியிருக்கும் ஒருவர் ராத்திரி எட்டு மணிக்கு நினைத்த மாத்திரத்தில் வாங்கிச் சாப்பிட முடியாது.

சொதியைவிட நல்ல உதாரணம் இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்தின் நாயகன் அது. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். தேங்காயைத் துருவி மூன்று பால் எடுக்க வேண்டும். தண்ணீராக இருக்கும் மூன்றாம் பாலில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பட்டாணி வேகும். சின்ன வெங்காயமும் பூண்டும் தனியாக வதங்கி உள்ளே போகும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதுதான் காரம். மிளகாய்த் தூளுக்கு அங்கே வேலையில்லை. குழைய வெந்த பாசிப்பருப்பு, இரண்டாம் பால், கடைசியில் தலைப்பால். தலைப்பால் ஊற்றிய பிறகு கொதி வந்தால் திரிந்துபோகும், ஓரத்தில் நுரை கட்டியதுமே இறக்கிவிட வேண்டும். சூடு தணிந்தபின் எலுமிச்சைச் சாறு. தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்காமல் இருக்கத் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, கூடவே உருளைக்கிழங்கு வறுவல்.

ஒரு காலத்தில் சைவப் பிள்ளைமார் வீட்டு விசேஷம் என்று அறியப்பட்ட சொதி, இன்று நெல்லைச் சீமையில் எல்லார் வீட்டுக்கும் பொது. சில ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டில் கிடைக்கிறது, சென்னையிலும் பெயர் பெற்றுவிட்டது. ஆனால் அது விசேஷப் பண்டமாக, விசேஷ விலையில் கிடைக்கிறது. பரோட்டாக் கடைச் சட்டிக்குப் பக்கத்தில், அதே விலையில், அதே ராத்திரியில் கிடைப்பதில்லை.

குடியும் சாப்பாடும் இங்கே பிரிந்துபோனது இன்னொரு கதை. கேரளத்துக் கள்ளுக்கடைக்குப் போனால் மரவள்ளிக்கிழங்கும் மீன் கறியும்தான் முக்கியம் என்று வருகிறவர்கள் பாதிப் பேர். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பனைகள் நிறைந்த இந்தத் தேரிக்காட்டு ஓரத்தில் பதநீரும் கருப்பட்டியும் மட்டும் மிஞ்சின. 2003-இல் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்தபின், குடிப்பது என்றால் வேகமாகக் குடித்துவிட்டு வெளியேறுவது என்றாகிவிட்டது. இசகாயாவில் ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நாலு கிண்ணம் சாப்பாட்டோடு குடிக்கிறார். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து கிடப்பவரைப் பார்த்துப் பழகிய ஊரில், அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

பெண்களின் இடமும் கேட்க வேண்டிய கேள்வி. இசகாயாவும் நீண்ட காலம் ஆண்களின் கோட்டைதான். 1973-இல் சப்போரோவில் தொடங்கிய ‘சுபோஹாச்சி’ போன்ற தொடர் கடைகள் வெளிச்சமான இடத்தையும் மலிவான விலையையும் கொடுத்தபோது மாணவர்களும் வேலைக்குப் போகும் பெண்களும் உள்ளே வந்தார்கள். நம் பரோட்டாக் கடைகளில் பெண்களுக்குக் கிடைப்பது உள்ளே ஒரு ‘ஃபேமிலி ரூம்’, இல்லாவிட்டால் பார்சல். ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும் அந்த இலையும் அந்த இரண்டாவது ஊற்றும் வேண்டும்தானே?

மலிவு விலையில் வீட்டுச் சமையலைப் பொது இடத்துக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைத்தார்கள். சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். ராத்திரிச் சப்பாத்தி பிறகு சேர்ந்தது. அரசு மானியம் இல்லாமல் அந்த விலை நிற்காதுதான். ஆனால் கூட்டமாக வந்து உட்கார்ந்து சாப்பிடப் பெண்கள் தயங்கவில்லை என்பதை அந்த மேசைகள் காட்டின.

சொதியை ராத்திரிக் கடைக்குக் கொண்டுவருவதில் உண்மையான சிக்கல் தேங்காய்ப்பால். சால்னாவைப் போல விடிய விடிய அடுப்பில் வைத்திருக்க முடியாது. இசகாயாச் சமையல்காரர்கள் இந்த மாதிரிச் சிக்கலுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அடிச்சாறும் வெந்த காயும் பெரிய பாத்திரத்தில் தயாராக இருக்கும், கடைசிச் சேர்மானம் ஆள் வந்து உட்கார்ந்தபின் சின்னச் சட்டியில் நடக்கும். இங்கும் பருப்பும் காயும் இரண்டாம் பாலும் சேர்ந்த அடிக்குழம்பு சாயங்காலமே தயாராகிவிடும். கேட்கும்போது ஒரு சின்னச் சட்டியில் ஊற்றி, தலைப்பால் விட்டு, நுரை கட்டியதும் இறக்கி, எலுமிச்சை பிழிந்தால் ஐந்து நிமிட வேலை. இஞ்சிப் பச்சடி நாள் கணக்கில் கெடாது. பரோட்டாவை விட இடியாப்பமும் ஆப்பமும் சொதிக்குப் பொருந்தும், அவை இரண்டும் ராத்திரிக் கடைக்குப் புதியவையும் அல்ல.

தொடங்குவதற்கு நாளும் ஊரும்கூடத் தயாராக இருக்கின்றன. ஏரல் பேரூர்த் தலைவராக இருந்து 1908-இல் இளவயதிலேயே காலமான சேர்மன் அருணாசல சுவாமியின் கோயில் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வெளியூர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஜனம் வந்து ஆற்றில் குளித்து, ராத்திரி கரையிலேயே தங்கும். விரதம் இருப்பவர்கள், கறி தொடாதவர்கள், குழந்தை குட்டிகளோடு வந்த பெண்கள் எல்லாரும் சூடாக ஏதாவது கிடைக்காதா என்று கடைத்தெருவுக்கு நடந்து வருவார்கள். அன்றைக்குச் சால்னா அடுப்பில் ஒரு பக்கம் சொதிச் சட்டி ஏறட்டும், விலையும் சால்னா விலையாகவே இருக்கட்டும். தேங்காய்க்கும் காய்கறிக்கும் எங்கும் போக வேண்டாம். ஏரல் கடைத்தெருவிலேயே வாங்கிக்கொள்ளலாம்.